மூன்றாவது திரை

அந்தக் குரல் என்னுடையதுதாங்க.

நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்க போனில் இப்போது பேசியதே, "உங்க குழந்தை நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று, அது நான். அதற்குக் கீழே ஒரு பச்சை இலை ஆடுகிறதே, அதை வரைந்ததும் நான்தான். உங்க அம்மா ஏன் என்னை இப்படிப் பார்க்கிறாங்க? செங்கல்பட்டில் ஏறினதிலிருந்து, "இந்தப் பொண்ணு பேசுறதை எங்கயோ கேட்டிருக்கேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தீங்க இல்லையா அம்மா, இங்கேதான் கேட்டிருக்கீங்க. காலையில் பேத்தியைப் படம் எடுத்தீங்களே, அப்போது.

ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்டேன். ஆறு நாள் குழந்தை, மஞ்சள் ஏதும் இருக்கிறதா பார்த்தீங்களா என்று யாரும் கேட்கிற கேள்விதானே. நீங்க உடனே போனை எடுத்து, "அதெல்லாம் பார்த்தாச்சுக்கா, இலை வந்துருச்சு" என்று சிரித்தீங்க பாருங்க. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒன்றரை வருஷம் உழைத்தேன். அதை இன்றைக்கு, இந்த லேடீஸ் பெட்டியில், இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்காதீங்க. படம் எடுக்கும்போதும் பவுடர் போட்டிருந்ததா?

சரி. சரி, பரவாயில்லை. தூங்கட்டும்.

டாக்டர் இல்லைம்மா நான். ஒரு கம்பெனியில் டிசைன் ஹெட். அப்படியென்றால்... போனில் எந்த இடத்தில் எந்தப் படம், என்ன நிறம், என்ன வார்த்தை, இதையெல்லாம் நானும் எனக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளும் முடிவு பண்ணுவோம். பெயிண்டரா? சரி, பெயிண்டர் என்றே வைத்துக்கொள்ளுங்க. எங்க மாமியாரும் ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்காங்க.

எனக்கும் பெண் குழந்தைதான். தாரிணி. அஞ்சு மாதம். முதல் தடவையாக இன்றைக்குத்தான் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். துப்பட்டாவை ஏன் இப்படி மூடிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் கட்டி நனைந்துவிட்டது. விழுப்புரம் வரைக்கும்தான், போய்விட்டு ஓடி வந்துவிடுவேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஒருத்தங்களைப் பார்க்க வேண்டும். இலக்கியா என்று பெயர். நான் அவங்களைப் பார்த்ததே இல்லை. அவங்க என் குரலைக் கேட்டிருக்காங்க, உங்களைப் போல.

நீங்க பயப்படாதீங்க. உங்களைப் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பயந்த அம்மாவைப் பார்க்க எனக்குத் தாங்காது. நானே அப்படி ஒருத்தி. தாரிணி பிறந்த மூன்றாம் நாள் கண் ஓரமெல்லாம் மஞ்சளாக எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? இருக்கா, இல்லையா? சாயங்காலம் வந்து மறுபடி காட்டுங்க என்றார். அந்தச் சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை எனக்கு. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் அந்தப் 'பார்க்கலாம்' என்னைக் கொன்றுவிட்டது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், என் ஆப் எந்த அம்மாவிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாது என்று.

ஆப் அப்போது பாதி தயாராகி இருந்தது. குழந்தையின் முகத்தையும் நெஞ்சையும் படம் எடுத்தால், மஞ்சள் காமாலை ஏறியிருக்கிறதா என்று ஏஐ பார்த்துச் சொல்லும். ஆஸ்பத்திரி வார்டுகளில் எடுத்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் படத்தைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கினாங்க. அது நௌஷாத்துடைய வேலை. மெஷினுக்குப் பாடம் எடுப்பது அவன். அது படித்ததை அம்மாக்களிடம் எப்படிச் சொல்வது என்பது என் வேலை.

பெருமைக்குச் சொல்லவில்லை, நான் யாரையும் விட்டுவிடவில்லைங்க. மாநிறக் குழந்தை, கறுத்த குழந்தை, எல்லா நிறத்துப் படமும் இருக்கிறதா என்று நௌஷாத்தை உட்கார வைத்துக் கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்க இருப்பாங்க என்று குரல் வைத்தேன். நாலைந்து பேர் பேசிப் பார்த்தோம், அம்மாக்கள் என் குரலைத்தான் நம்பினாங்க. எட்டு மாத வயிற்றோடு போய் ஸ்டுடியோவில் பேசிவிட்டு வந்தேன். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவங்களுக்காக, நல்லது என்றால் இலை ஆடும், கெட்டது என்றால் இலை சிவந்து உதிரும் என்று வைத்தேன். ஒரு பெரிய ஹாலில் மேடையேற்றி என்னைப் பேசச் சொன்னாங்க. "ஏஐ வாசல்ல யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது, எல்லாரையும் உள்ளே கூப்பிடணும்" என்று பேசினேன். கைதட்டல். நௌஷாத் கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வீடுகளுக்கும் போனேன். ஏசி ரூமில் உட்கார்ந்து வரைகிற ஆள் இல்லை நான். செஞ்சி, திண்டிவனம், அந்தப் பக்கமெல்லாம். முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போவோம். போனால் எந்த வீட்டிலும் எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வைத்திருப்பாங்க. குழந்தையைக் குளிப்பாட்டி, மை இட்டு, கன்னத்தில் இவ்வளவு பெரிய பொட்டு வைத்து, கறுப்பு வளையல் போட்டு, முகத்தில் அப்படியே வெள்ளையாகப் பவுடர் அப்பி, தயாராக வைத்திருப்பாங்க. வீட்டுக்கு ஆள் வருது, போட்டோ எடுப்பாங்க என்றால் நம்ம ஊரில் வேறு எப்படி? எனக்குக் கொள்ளை ஆசை. என் பெண்ணுக்கு நான் பவுடர் போடுவதில்லை, டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் பார்க்க எவ்வளவு அழகு.

ஆப் திறந்தவுடன் முதலில் ஒரு குழந்தைப் படம் வரும் பாருங்க. முன்னே அங்கே ஒரு வெளிநாட்டுக் குழந்தை இருந்தது. மொட்டைத் தலை, ரோஸ் கலர், வெள்ளை டயாப்பர். நான் மீட்டிங்கில் கத்திவிட்டேன். "இதைப் பார்த்து எந்த அம்மா தன் குழந்தைன்னு நினைப்பா? இதுதான் நாம எல்லாரையும் சேர்த்துக்கிற லட்சணமா?" எங்க எம்.டி. ஸ்ரீவத்சன் சார் அசந்துபோய்விட்டார். அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு நானே உட்கார்ந்து வரைந்தேன். சுருட்டை முடி, மை, பொட்டு, வளையல், பவுடர் முகம். அச்சு அசல் நம்ம ஊர்க் குழந்தை. நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். இன்றைக்கும்.

என்னம்மா, வெயில் படுகிறதா? ஷட்டரை இறக்க வேண்டாம், கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும். முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கோங்க.

பால் எப்போது குடித்தாள்? மேல்மருவத்தூருக்கு முன்னாடியா... அதற்கும் முன்னாடியா? தானாக எழுந்து கேட்கவில்லையா? சமர்த்துக் குழந்தை என்கிறாங்களா அம்மா. சரி.

நௌஷாத் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. பேசத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு நாள் என் ரூமுக்கு வந்து நின்றான். "மேடம், இலை ஆடுற திரை, உதிர்ற திரை, இந்த ரெண்டு திரை போதாது. இன்னொண்ணு வேணும்."

"எதுக்கு?"

"சில படத்தைப் பார்த்தா மெஷின் தடுமாறுது. பாதிக்குப் பாதிதான் சொல்லுது. அந்த நேரத்தில அம்மாகிட்ட 'எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு சொல்லணும்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? நான் படித்தது கான்வென்ட். லியோனி சிஸ்டர் கேள்வி கேட்டு, எழுந்து நின்று "தெரியாது சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்க. பீரியட் முடிகிற வரைக்கும் பெஞ்சு மேல்தான். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஏறவில்லை. தெரியாவிட்டால்கூட எதையாவது தைரியமாகச் சொல்லிவிடுவேன், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. அதை, பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆன பொண்ணிடம், என் குரலில் சொல்வதா?

"நௌஷாத், நீ பிள்ளை பெத்திருக்கியா?" என்றேன்.

"இல்ல மேடம்."

"அப்ப எங்கிட்ட கேளு. அந்த நேரத்தில ஒரு அம்மாவுக்கு வேண்டியது ஆமாவா, இல்லையா. தெரியலைன்னு சொன்னா அவ செத்துருவா."

அதற்கு அவன் சொன்னான் பாருங்க: "மேடம், ஊர்ல எல்லா அம்மாவுக்கும் சேர்த்து நீங்க ஒரே ஒரு அம்மாவைத்தான் கேட்டிருக்கீங்க."

திமிர்தானே? எத்தனை வீட்டு வாசல் ஏறி இறங்கியிருக்கிறேன் நான்.

இல்லை, நீங்க கேட்பது நியாயம்தான். மெஷின் தடுமாறினால் எந்தப் பக்கம் சேர்ப்பது? சிவப்பில் சேர்த்தால் ஒன்றுமில்லாத குழந்தையை எல்லாம் தூக்கிக்கொண்டு பச்சை உடம்புக்காரிகள் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நிற்பாங்க. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் இருக்காது. அதனால் இலையில் சேர்த்தோம். நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதான். நல்ல எண்ணத்தில்தானே? ஸ்ரீவத்சன் சார் உடனே ஒத்துக்கொண்டார். "தாய் மனசு தாய்க்குத்தான் தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

புதன்கிழமை நௌஷாத் என் கம்ப்யூட்டரில் ரெண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று நான் வரைந்த குழந்தை. இன்னொன்று நிஜக் குழந்தை, யாரோ ஆப்பில் எடுத்த படம். அதே பொட்டு, அதே மை, அதே மாதிரி வெள்ளை வெளேர் என்று பவுடர். வளையலைக்கூட விடவில்லை.

"அப்படியே நம்ம படம் மாதிரி இருக்குல்ல மேடம்?"

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்றேன்.

"இந்தக் குழந்தை விழுப்புரத்தில ஐ.சி.யூ.ல இருக்கு. ரெண்டு நாள் இலை காட்டியிருக்கோம்."

பால் கொடுக்கிற ஒருத்தியிடம் இப்படியா சொல்வது? முன்னே பின்னே ஒரு வார்த்தை வேண்டாமா? பாத்ரூமில் போய் உட்கார்ந்து அவனைத்தான் திட்டித் தீர்த்தேன். வெளியே வந்தால் அதே இடத்தில் நிற்கிறான். மெஷின் வார்டில் பார்த்த குழந்தைகள் யாரும் பவுடர் போட்டிருக்கவில்லையாம். வார்டில் பவுடருக்கு இடமில்லை. அதனால் இந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் புரியவில்லையாம். பாதிக்குப் பாதி என்றுதான் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு நான் போய், "உங்க குழந்தை நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று...

நான் என்றால் ஆப். ஆப் சொன்னது.

இலக்கியாவுடைய மாமியாருக்கு முதல் நாளே சந்தேகமாம். "புள்ள ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?" என்று கேட்டிருக்காங்க. இலக்கியா போனைத் திருப்பிக் காட்டி, "இலை வந்துருச்சு அத்தை" என்றாங்களாம்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிறீங்களா. ரத்தம் மாற்றியிருக்காங்க. உயிருக்கு ஒன்றும் ஆகாதாம். மஞ்சள் ரொம்ப ஏறினால் காதைப் பாதிக்குமாம்; காது கேட்குமா என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். பார்க்கலாம் என்றாராம் டாக்டர்.

சார் என்ன சொன்னார் தெரியுமா? "யாமினி, இது நம்ம தப்பு இல்ல. பவுடரைத் துடைச்சுட்டு எடுக்கவும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. திங்கட்கிழமை மத்த மாவட்டத்துக்கும் போறோம், அதில மாற்றம் இல்ல." ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றும் சொன்னார். நான் இப்போது வந்திருப்பது அவருக்குத் தெரியாது. நேற்று நௌஷாத்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "மூணாவது திரையை நானே பண்ணிட்டேன் மேடம். இடம் காலியா இருக்கு. வார்த்தையும் குரலும் நீங்கதான் கொடுக்கணும். நீங்க சொன்னா சார் கேட்பார்." நான் இன்னும் பதில் போடவில்லை. என்னத்தை எழுதுவது? அந்த வார்த்தையையா?

ஆனால் ஒன்று. அந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் துடைத்திருப்பாங்களா? எனக்கு அதுதான் புரியவில்லை. உடம்பு நிறம் பார்க்கத்தானே படம்? அதில் போய் எதற்காகப் பவுடரை அப்பினாங்க? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், உங்களைச் சொல்லவில்லை.

என்ன கேட்டீங்க?

படத்தில் இருக்கிற மாதிரிதானே ரெடி பண்ணினோம் என்றா?

முதல் படத்தில்... ஆமாம். அப்படித்தான் இருக்கும். பொட்டும் பவுடருமாக.

அம்மா, ஜன்னல் வழியாகக் காற்று தூசியாக வருகிறது இல்லை? கண்ணில் விழுந்துவிட்டது. இருங்க.

இல்லை. எனக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் ஈரத்துணி ஏதாவது இருக்கிறதா? இந்தாங்க, என் கர்ச்சீப், தண்ணீர் பாட்டில். துடைத்துப் பார்த்துவிடலாம். கண்ணு படும் என்கிறாங்களா? அம்மா, பொட்டு இருக்கட்டும், பொட்டைத் தொட வேண்டாம். பவுடரை மட்டும். இந்தப் பெட்டியில் நாம மூன்று பேர், அந்தக் கோடியில் அந்த முறுக்குக்காரம்மா, அவங்களும் தூங்குறாங்க. யார் கண்ணு படப் போகுது? பெயிண்டர் சொல்கிறேன், கேளுங்கம்மா.

மெதுவாக. நெற்றி. மூக்கு. கழுத்து மடிப்பிலும் இருக்கிறது பாருங்க.

ஈரத்துணி பட்டும் சிணுங்கவில்லையே.

உள்ளங்காலைச் சுண்டிவிடுங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. கால் அசைந்ததா? கண்ணைத் திறக்கட்டும். காதை நீவிவிடுங்க... திறக்கவில்லையா? சரி, சரி, அழாதீங்க. கார் வைத்திருந்தால் நேரே போயிருக்கலாமே என்று இப்போது யோசித்து என்ன பண்ண, காரில் ஏறினால் உங்களுக்கு வாந்தி வருகிறது, நீங்க என்ன பண்ணுவீங்க? அழாதீங்க. நான் பார்க்கிறேன், கொடுங்க. இப்படி நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் அடியில் நிறம் தெரியும் என்று டாக்டர் காட்டினார்.

வெயிலே மஞ்சளாக இருக்கிறது. சாயங்கால வெயில். என் கையும் மஞ்சளாக இருக்கிறது, உங்க புடவையும் மஞ்சளாக இருக்கிறது. நிழலில் வைத்தால் எல்லாம் கறுப்பாகிவிடுகிறது.

வேண்டாம், போனை எடுக்காதீங்க. இல்லை, சொன்னால் கேளுங்க...

படம் எடுத்துவிட்டீங்க.

இலை. பார்த்தேன். ஆடுகிறது. ஆமாம், நான்தான் பேசுகிறேன். நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க. கேட்டேன்.

அதை அணைத்துவிடுங்க. பையில் போடுங்க. என் முகத்தைப் பாருங்க. மஞ்சளா, இல்லையா, அதானே கேட்கிறீங்க? நீங்க வேண்டாம் அம்மா, அவங்களே கேட்கட்டும். அவங்கதான் தாய்.

எனக்குத் தெரியலைங்க.

எனக்குத் தெரியல. பார்த்துச் சொல்லத் தெரிந்த டாக்டர் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருக்காங்க, நான் அங்கேதான் போகிறேன். உங்க ஊர் விருத்தாசலம் போய்ப் பார்த்துக்கலாம் என்று இருக்க வேண்டாம். இப்பவே காட்டணும். நானும் கூட வர்றேன்.

விழுப்புரம் வந்துவிட்டது, வண்டி வேகம் குறைகிறது. அம்மா, அந்த ஃபிளாஸ்க்கையும் கூடையையும் நீங்க எடுத்துக்கோங்க. செருப்பு சீட்டுக்கு அடியில் இருக்கிறது பாருங்க. நீங்க கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முதலில் இறங்குங்க. குழந்தை என்கிட்ட இருக்கட்டும், நான் சுண்டிக்கொண்டே இருக்கிறேன்.